பள்ளி விளையாட்டு அணியில் கேப்டன் பொறுப்பும் விருதுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி அணிகளோடு மைதானத்தில் பல வருடம் நின்றவன் நான். மாணவர்களும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லா விளையாட்டுக்கும் பொருந்துகிற மாதிரிதான் எழுதியிருக்கிறேன். உதாரணம் மட்டும் எனக்குப் பழக்கமான ஆட்டங்களிலிருந்து வரும்.

அணியிலேயே நன்றாக ஆடுபவன் நான்தான். அப்படியென்றால் கேப்டன் பதவி எனக்குத்தானே வர வேண்டும்?

வரலாம், வராமலும் போகலாம். ஆட்டத்திறமை ஒன்று, அணியை நடத்துவது வேறொன்று. இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் மைக் பிரியர்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 39 டெஸ்ட் ஆடியும் ஒரு சதம்கூட அடித்ததில்லை, சராசரி 23-ஐத் தொடவில்லை. ஆனால் கேப்டனாக நின்ற 31 டெஸ்டில் 18 வெற்றி, தோல்வி நான்கே நான்கு. மறுபக்கம், சச்சின் டெண்டுல்கரின் பேட்டிங்கைப் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் தலைமையில் இந்தியா ஆடிய 25 டெஸ்டில் வென்றது 4 தான்.

இதே பாடத்தை நான் சிரமப்பட்டுத்தான் கற்றேன். ஒரு வருடம் கால்பந்து அணியில் அதிக கோல் போட்ட பையனையே கேப்டனாக்கினேன். நல்ல பையன். ஆனால் தனக்குச் சுலபமாக வருவது மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை என்பது அவனுக்குப் புரியவே இல்லை. பாஸ் தவறினால் இரண்டு கையையும் விரித்துக்காட்டுவான், வாயால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். மூன்றாவது ஆட்டத்தில் பின்வரிசைப் பையன்கள் பந்தை அவன் பக்கமே அனுப்பாமல் ஓரமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். தப்பு அவனுடையது இல்லை. அவனைத் தயார்ப்படுத்தாமல் கையில் கேப்டன் பட்டையைக் கட்டிவிட்ட நான்தான் அதற்குப் பொறுப்பு.

பயிற்சியாளர் உண்மையில் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்?

ஆட்ட நேரத்தில் எல்லாரும் கேப்டன் மாதிரிதான் தெரிவார்கள். கூட்டம் பார்க்கிறது, ரத்தம் சூடாக இருக்கிறது. நாங்கள் பார்ப்பது அதற்கு வெளியே உள்ள நேரத்தை. வார்ம்-அப் ஓட்டத்தில் கடைசி வளைவைக் குறுக்கே வெட்டி ஓடுகிறவர் யார், கோட்டைத் தொட்டுத் திரும்புகிறவர் யார்? பயிற்சி முடிந்ததும் கோன்களையும் பந்துகளையும் யாரும் சொல்லாமலே எடுத்துவைப்பது யார்? புதிதாக வந்த ஜூனியர் தனியாக நிற்கும்போது “வா, என்னோட ஜோடி போடு” என்று கூப்பிடுவது யார்? திட்டு வாங்கியபோது கண்ணைப் பார்த்துக் கேட்டவர் யார், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அன்றைய பயிற்சியையே கெடுத்தவர் யார்?

ஒரு காட்சி எனக்கு மறக்காது. பெண்கள் வாலிபால், கடைசி செட். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சர்வீஸை வலையில் அடித்துவிட்டாள். அந்த ஒரு புள்ளியில் எதிரணி முன்னால் போய்விட்டது. நாலு பேர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி “பரவாயில்லடி” என்றாள், ஆனால் பரவாயில்லை என்ற தொனியில் இல்லை. எங்கள் செட்டர், அதாவது அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள், அப்போது கேப்டன் இல்லை. அவள் குனிந்து பந்தை எடுத்து, வலைக்கு அடியில் எதிரணிப் பக்கம் உருட்டிவிட்டாள். பிறகு அந்தச் சிறுமியின் பக்கத்தில் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “இப்ப அவங்க சர்வ் போடப் போறாங்க. நீ எங்க நிக்கணும்?” சிறுமி ஒரு நொடி யோசித்தாள், இரண்டு எட்டு பின்னால் வைத்தாள், முழங்காலை மடக்கினாள். அவ்வளவுதான். கண்ணில் நின்ற தண்ணீர் கீழே விழவில்லை, ஏனென்றால் அவளுக்கு இப்போது செய்ய ஒரு வேலை இருந்தது.

அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். அடுத்த வருடக் கேப்டன் யார் என்பதில் எனக்கு அதற்குப் பிறகு சந்தேகமே வரவில்லை.

நான் அதிகம் பேசாத ஆள். எனக்கெல்லாம் இது சரிப்பட்டு வருமா?

தாராளமாக. மேலே சொன்ன அந்தப் பெண் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. கத்துவதைத் தலைமை என்று பலர் நினைக்கிறார்கள். மைதானத்தில் தேவைப்படும் பேச்சு சின்னது, குறிப்பானது: “பின்னால ஆள் வர்றான்”, “நேரம் இருக்கு, நிதானமா”, “என் பந்து”. இதைச் சொல்ல மட்டும் பழகிக்கொள்ளுங்கள். பயிற்சியிலேயே, ஒவ்வொரு பாஸுக்கும் வாங்குபவரின் பெயரைச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு வாரத்தில் வாய் திறந்துவிடும். ஊக்கப் பேச்சு வராவிட்டால் குடிமுழுகிப் போகாது.

சில அணிகளில் வீரர்களே ஓட்டுப் போடுகிறார்கள், சில இடத்தில் கோச் முடிவு செய்கிறார். எது சரி?

இரண்டிலும் ஓட்டை உண்டு. ஓட்டு என்றால் நண்பர் கூட்டம் பெரிதாக உள்ளவர் ஜெயிப்பார். கோச் மட்டும் முடிவெடுத்தால், அவர் எதிரில் ஒரு மாதிரியும் அவர் முதுகுக்குப் பின்னால் வேறு மாதிரியும் நடப்பவர் தப்பித்துவிடுவார். நான் கடைசியில் பழகிக்கொண்ட வழி இது: ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, “ஆட்டம் கை நழுவும்போது யார் பேச்சைக் கேட்பாய்?” என்று மட்டும் கேட்பேன். “யார் கேப்டன் ஆகணும்?” என்று கேட்டால் வேறு பெயர்கள் வரும். அந்தச் சீட்டுகளைப் படித்துவிட்டு முடிவை நான் எடுப்பேன். பெயர்களை யாரிடமும் காட்ட மாட்டேன்.

கேப்டனாக ஆசை இருக்கிறது. வாய்விட்டுக் கேட்கலாமா? தலைக்கனம் என்று நினைப்பார்களோ?

கேளுங்கள். ஆசைப்படுவது தப்பே இல்லை. எப்போது, எப்படி என்பதில்தான் விஷயம். அணி அறிவிப்புக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள். சீசன் முடிந்த பிறகோ, அடுத்த சீசன் தொடங்க இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதோ, தனியாகப் பார்த்து, “சார், அடுத்த வருஷம் கேப்டன் பொறுப்புக்கு வர விரும்புறேன். அதுக்கு நான் எதைச் சரிபண்ணணும்னு சொல்லுங்க” என்று கேளுங்கள்.

பதில் கசப்பாக வரலாம். “நேரத்துக்கு வர மாட்டேங்கிறே” என்பார். “இல்ல சார், பஸ்ஸு...” என்று ஆரம்பிக்காதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள், சரிசெய்யுங்கள், ஒரு மாதம் கழித்து “இப்போ எப்படி இருக்கு சார்?” என்று திரும்பப் போய்க் கேளுங்கள். திரும்பிப் போய்க் கேட்கிற மாணவர்கள் மிகக் குறைவு. இந்த இரண்டாவது கேள்விதான் எங்கள் மனதில் நிற்கும்.

கேப்டனுக்கு விதிப்படி என்ன அதிகாரம் இருக்கிறது?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. கால்பந்து விதிகள் இதை நேராகவே சொல்கின்றன: கேப்டனுக்குத் தனி அந்தஸ்தோ சலுகையோ கிடையாது, ஆனால் அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு உண்டு. கிரிக்கெட் விதிகளும் ஆட்டம் அதன் உணர்வோடு நடப்பதைக் கேப்டன்களின் பொறுப்பாகவே வைக்கின்றன. சக ஆட்டக்காரர் அம்பயரிடம் வம்பு செய்தால் கேப்டனைத்தான் கூப்பிடுவார்கள்.

வாலிபாலில் கேப்டனின் சட்டையில் மார்பு எண்ணுக்குக் கீழே 8 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கோடு இருக்கும். ஆட்டத்துக்கு முன் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்திடுவதும் டாஸுக்குப் போவதும் அவர் வேலை. பந்து ஆட்டத்தில் இல்லாதபோது நடுவரிடம் விளக்கம் கேட்கும் உரிமை களத்தில் உள்ள கேப்டனுக்கு மட்டும். ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையிலும் 2024-இல் ஒரு முடிவைப் பற்றி ரெஃப்ரியிடம் பேசக் கேப்டன் மட்டுமே போகலாம் என்று வைத்தார்கள். பத்துப் பேர் ரெஃப்ரியைச் சூழ்ந்து கத்துவதை நிறுத்துவதற்காக வந்த ஏற்பாடு அது.

ஆகவே விதிப்புத்தகத்தை ஒருமுறையாவது முழுசாகப் படியுங்கள். எத்தனை மாற்று ஆட்டக்காரர், எத்தனை டைம்-அவுட், டாஸ் ஜெயித்தால் எதையெல்லாம் தேர்ந்தெடுக்கலாம் என்று தெரியாமல் டாஸுக்குப் போகும் கேப்டன்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நடுவர் தப்பாகத் தீர்ப்புக் கொடுத்தால் கேப்டன் என்ன செய்வது?

முதலில் உங்கள் ஆட்களை இரண்டு கை அகலம் தள்ளி நிறுத்துங்கள். பிறகு தனியாகப் போய், கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, “சார், என்ன ஃபவுல்னு சொல்ல முடியுமா?” என்று கேளுங்கள். விளக்கம்தான் கேட்கிறீர்கள், தீர்ப்பை மாற்றச் சொல்லவில்லை. பதில் எதுவாக இருந்தாலும் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்து, அணியிடம் அடுத்து என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள். “அநியாயம்” என்று நீங்கள் ஒரு முறை சொன்னால் போதும், அன்றைக்கு மிச்ச நேரமும் அணி அதையேதான் பேசும்.

கோல்கீப்பர், பின்வரிசை ஆட்டக்காரர் எல்லாம் கேப்டன் ஆக முடியுமா?

முடியும். உலகக் கோப்பை கால்பந்தில் 1982-இல் இத்தாலியின் டினோ ஸோஃப், 2010-இல் ஸ்பெயினின் இகர் கசியாஸ், 2018-இல் பிரான்சின் ஹியூகோ லோரிஸ் என்று கோப்பையைத் தூக்கிய கேப்டன்கள் மூவரும் கோல்கீப்பர்கள். ஸோஃபுக்கு அப்போது 40 வயது. முழு ஆட்டமும் கண்ணெதிரே தெரியும் இடத்தில் நிற்பவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

என்னை மெயின் அணியிலேயே எடுக்கவில்லை. இதில் கேப்டன், விருது என்று எங்கே போவது?

வருத்தம் நியாயமானது. அதை மறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் கதை அங்கேயே முடிவதில்லை. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனைப் பள்ளி அணியிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று ஒரு கதை சுற்றும். நடந்தது இது: 1978-இல், அவருக்கு 15 வயது இருக்கும்போது, பள்ளியின் முதல் அணியில் எடுக்காமல் ஜூனியர் அணியில் போட்டார்கள். அங்கே அவர் தொடர்ந்து ஆடினார். கதையைச் சொல்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். ஜூனியர் அணி என்றால் நிறைய நேரம் ஆடக் கிடைக்கும், பொறுப்பும் கிடைக்கும். முதல் அணியின் பெஞ்சில் ஒரு வருடம் உட்காருவதைவிட, இரண்டாவது அணியில் முழு ஆட்டம் ஆடுவது பல பேருக்கு நல்லதாகவே முடிந்திருக்கிறது.

பெஞ்சில்தான் இடம் என்றாலும் அங்கே செய்ய வேலை உண்டு. எதிரணியில் உங்கள் இடத்தில் ஆடுபவரை மட்டும் பாருங்கள். எந்தக் காலால் திரும்புகிறார், களைத்தால் எந்தப் பக்கம் ஒதுங்குகிறார்? இடைவேளையில் உங்கள் இடத்தில் ஆடும் நம் பையனிடம் ஒரே ஒரு குறிப்பு கொடுங்கள். உங்கள் இடத்தைப் பிடித்தவருக்கே உதவுவது கஷ்டம், தெரியும். அதைச் செய்தவர்களை எந்தக் கோச்சும் மறப்பதில்லை.

துணை கேப்டன் என்பது சும்மா ஒரு பெயர்தானா?

இல்லை. கேப்டனிடம் நேராகச் சொல்லத் தயங்குவதை எல்லாம் அணி துணை கேப்டனிடம்தான் சொல்லும். யாருக்கு வீட்டில் பிரச்சினை, யார் வலியை மறைத்து ஆடுகிறார் என்பதெல்லாம் முதலில் அவர் காதுக்குத்தான் வரும். கேப்டனோடு கருத்து வேறுபட்டால் தனியாகப் பேசுங்கள், மற்றவர்கள் எதிரில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

விருதுகளில் எது பெரியது? எதைக் குறிவைக்கலாம்?

பள்ளிக்குப் பள்ளி மாறும். சிறந்த ஆட்டக்காரர், அதிக முன்னேற்றம் கண்டவர், நன்னடத்தை விருது, பல வருடம் தொடர்ந்து ஆடியவர்களுக்கான கௌரவம் என்று பொதுவாக இருக்கும். சில நாடுகளின் பள்ளிகளில் சிறப்பாக ஆடியவர்களுக்கு ‘கலர்ஸ்’ என்று ஒரு கௌரவம் கொடுப்பார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் பள்ளியின் முதல் எழுத்தைத் துணியில் தைத்துத் தருவார்கள். அந்த வழக்கம் ஹார்வர்டு பேஸ்பால் அணி 1865-இல் சட்டையில் ‘எச்’ எழுத்தைத் தைத்துக்கொண்டதிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். முதல் வேலையாக, உங்கள் பள்ளியில் என்னென்ன விருது, ஒவ்வொன்றுக்கும் என்ன தகுதி, குறைந்தது எத்தனை ஆட்டம், எவ்வளவு வருகை என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் பயிற்சிக்கு வராததால் கைவிட்டுப் போன விருதுகள் எனக்குத் தெரியும்.

எது பெரியது என்று என்னைக் கேட்டால், நன்னடத்தை விருதைத்தான் சொல்வேன். தோற்றவர்களைத் தேற்றக் கொடுக்கும் விருது என்று மாணவர்கள் அதை நினைக்கிறார்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் கனடாவின் பாய்மரப் படகு வீரர் லாரன்ஸ் லெமியூ இரண்டாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தார். வேறொரு போட்டியில் இருந்த சிங்கப்பூர் வீரர்கள் இருவர் படகு கவிழ்ந்து கடலில் தத்தளிப்பதைப் பார்த்தார். போட்டியை விட்டுவிட்டுப் போய் அவர்களைக் காப்பாற்றினார். நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய பியர் டி கூபர்டின் பெயரில், விளையாட்டு உணர்வுக்காகத் தரும் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தார்கள். அந்தப் படகுப் போட்டியில் தங்கம் வாங்கியவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

‘அதிக முன்னேற்றம்’ விருதை எப்படி வாங்குவது?

முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு நோட்டு போதும். முதல் வாரத்திலேயே எழுதுங்கள்: பத்து சர்வீஸில் எத்தனை உள்ளே விழுந்தது, இடது காலால் எத்தனை பாஸ் சரியாகப் போனது, ஒரு சுற்று ஓட எத்தனை விநாடி. மாதம் ஒருமுறை அதையே திரும்ப அளந்து எழுதுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் சரிசெய்யப் போகாதீர்கள், ஒரு பலவீனத்தை எடுத்துக்கொண்டு அதையே பிடித்துக்கொள்ளுங்கள். நோட்டை கோச்சிடம் காட்டுவதில் வெட்கம் வேண்டாம். முப்பது பேரைப் பார்ப்பவருக்கு ஒவ்வொருவர் எங்கே தொடங்கினார் என்பது நினைவில் இருக்காது.

காயம்பட்டு சீசனே போய்விட்டது. என் பொறுப்பும் போய்விடுமா?

போக வேண்டியதில்லை. டாக்டர் ஓய்வு என்றால் ஓய்வுதான், வலியை மறைத்து ஆடுவது வீரம் இல்லை. கேப்டனே அப்படி ஆடினால் ஜூனியர்களும் அதைப் பார்த்துக் கற்பார்கள். ஆடாவிட்டாலும் பயிற்சிக்கு வாருங்கள், ஸ்கோர் எழுதுங்கள், ஜூனியர்களுக்குப் பந்து போடுங்கள்.

மார்க் குறைந்தால் பாதிக்குமா?

பெரும்பாலான பள்ளிகளில் பாதிக்கும். வகுப்பாசிரியரின் கருத்தையும் கேட்பார்கள். பரீட்சைத் தேதியும் போட்டித் தேதியும் மோதும் என்று தெரிந்தால் முன்கூட்டியே இரண்டு பக்கமும் சொல்லிவிடுங்கள்.

நான் இப்போது கேப்டன். என் நெருங்கிய நண்பன் பயிற்சிக்கு ஒழுங்காக வருவதில்லை. எப்படிச் சொல்வது?

இதுதான் கேப்டன்களுக்கு மிகவும் கஷ்டமான இடம். நண்பனை விட்டுவிட்டு இன்னொருவரைக் கேட்டால் அன்றோடு அணி உங்களை நம்பாது. எல்லார் எதிரிலும் நண்பனைக் கேட்டால் அவனை நீங்கள் இழப்பீர்கள். தனியாக, முதலில் அவனிடமே பேசுங்கள்: “நீ வராத நாள்ல மத்தவங்க என்னைப் பார்க்கிறாங்கடா. உன்னைக் கேட்காம அவங்களை நான் எப்படிக் கேட்கிறது?” நேராகச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். ஏன் வரவில்லை என்றும் கேளுங்கள். ஒருமுறை அப்படிக் கேட்டபோதுதான், அந்தப் பையன் மாலையில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது எங்களுக்குத் தெரிந்தது. பயிற்சியைக் காலைக்கு மாற்றினோம்.

(பெற்றோர் கேட்பது) என் மகளுக்குத் தகுதி இருந்தும் கொடுக்கவில்லை. நான் போய்ப் பேசலாமா?

முதலில் அவளே பேசட்டும். உங்கள் கோபம் முழுக்க அவள் மேல் உள்ள அன்பு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அம்மாவோ அப்பாவோ வந்து வாங்கிக்கொடுத்த பட்டையை அணி மதிப்பதில்லை, அந்தப் பாரத்தை உங்கள் மகள்தான் சுமப்பாள். அவமரியாதை, பாரபட்சம், அத்துமீறல் மாதிரி ஏதாவது நடந்தால் கதையே வேறு. அப்போது தயங்காமல், உடனே, நீங்களே போங்கள்.

கேப்டன் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

அடுத்த நாள் பயிற்சிக்குப் போங்கள். அந்த முதல் நாள்தான் கஷ்டம். புதுக் கேப்டனிடம் நீங்களே போய்க் கைகொடுங்கள், காரணத்தை கோச்சிடம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பையன் இப்படி நீக்கப்பட்டு, அடுத்த வருடம் மறுபடியும் கேப்டனாக வந்தான். அந்த இரண்டாவது முறை அவன் நடத்திய அணி எனக்குக் கிடைத்த நல்ல அணிகளில் ஒன்று.

விண்ணப்பங்களில் இதையெல்லாம் எப்படி எழுதுவது?

உள்ளதை எழுதுங்கள். ‘தலைமைப் பண்பு மிக்கவர்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ‘இரண்டு வருடம் துணை கேப்டன், ஜூனியர் அணிக்கு வாரம் ஒருமுறை பயிற்சி கொடுத்தேன்’ என்றால் தெரியும். சான்றிதழ் வாங்கிய அன்றே பெயரும் வருடமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு நகல் எடுத்துவையுங்கள்.

பள்ளியை முடித்துப் போகிறேன். அடுத்த கேப்டனுக்கு என்ன விட்டுச் செல்வது?

ஒரு நோட்டு எழுதிக் கொடுங்கள். எந்த மைதானத்தில் எந்தப் பக்கம் வெயில் கண்ணில் அடிக்கும், பந்துப் பையின் சாவி யாரிடம் இருக்கும், கோச் எப்போது பேசினால் காதுகொடுத்துக் கேட்பார் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். ஜூனியர்களைப் பற்றி ஆளுக்கு இரண்டு வரி எழுதுங்கள். அந்த செட்டர் பெண் எழுதிக் கொடுத்த நோட்டை நான் பார்த்தேன். வலையில் சர்வீஸ் அடித்த சிறுமியின் பெயருக்கு எதிரில் இப்படி இருந்தது: “தப்பு பண்ணினா ஆறுதல் சொல்லாதே. அடுத்து என்னன்னு கேளு. அவளே சரியாயிடுவா.”